தாயார் நின்ற ஊரிலிருந்து சொல்கிறேன்

போன மாதம் நம் ஊர் வாசகர் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் பேசினீர்கள், ஐயா. அறிவியல் புனைகதைகளில் பெண்ணாட்சி என்பது தலைப்பு. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி எழுந்து, "சுல்தானாவின் கனவு படிச்சிருக்கீங்களா சார்?" என்று கேட்டாள். "அந்த மாதிரி ஒன்றைக் கேள்விப்பட்டால் போதும், எல்லாவற்றையும் படித்த மாதிரிதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டீர்கள். கூட்டம் சிரித்தது. அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள். நான் அப்போதே எழுந்து பேசியிருக்க வேண்டும். பேசாமல் வீட்டுக்கு வந்தது இத்தனை நாளாக உறுத்துகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னதைத் திரிக்காமல் முதலில் எழுதிவிடுகிறேன். பெண்கள் ஆளும் உலகத்தைக் கற்பனை செய்யும் கதைகள் 1970களில் மேல்நாட்டு ஆண்வெறுப்பில் பிறந்தவை. நமக்கு அவை வேண்டியதில்லை. நாம் தாயைத் தெய்வமாக வைத்திருக்கும் மக்கள். இந்த ஊர்த் தாயாருக்கே 'என்னைப் பெற்ற தாயார்' என்றுதான் பெயர். அப்படியொரு சமூகம் உலகத்தில் எங்கும் இருந்ததில்லை, ஆகவே இது அறிவியலும் ஆகாது, பழிவாங்கும் கனவு மட்டுமே. முடிக்கும்போது, "நம் பாட்டிமார் இதற்கு ஒரே வார்த்தையில் பெயர் வைத்துவிட்டார்கள், அல்லி ராஜ்ஜியம்" என்றீர்கள். அதற்குத்தான் கைத்தட்டல் அதிகம்.

அந்தப் பெண் கேட்ட கதையிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் அதைப் படித்திருந்தால் உங்கள் பேச்சின் முதல் வாக்கியத்தையே சொல்லியிருக்க மாட்டீர்கள். 'சுல்தானாவின் கனவு' அச்சானது 1905இல். அச்சான இடம் நியூயார்க்கும் இல்லை, லண்டனும் இல்லை. நம் சென்னை. கமலா சத்தியநாதன் 1901இல் இங்கே தொடங்கி நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்ற ஆங்கில இதழில் அது வந்தது. எழுதியவர் இன்றைய வங்கதேசத்தின் ரங்பூர் பக்கம் பைராபந்த் கிராமத்தில் 1880இல் பிறந்த ரொகேயா சகாவத் உசேன். பெண்கள் மட்டுமே வாழும் நாட்டைப் பற்றி அமெரிக்காவின் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் எழுதிய 'ஹெர்லேண்ட்' அதற்குப் பத்து ஆண்டு கழித்து, 1915இல்தான் வந்தது. மேல்நாட்டில் அதற்கு முன்பு ஒன்றுமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், இருந்தன. அவற்றில் ஒன்றைப் பிறகு சொல்கிறேன். ஆனால் நம் நகரத்தில் 1905இல் அச்சேறிய ஒரு கதையை 1970களின் இறக்குமதி என்று மேடையில் நின்று சொல்வது தவறு. இது கருத்து வேறுபாடு ஆகாது, தகவல் பிழை. கேட்டவள் உங்களைத் திருத்த வந்தாள். நீங்கள் அவளை உட்கார வைத்தீர்கள்.

கதை பத்துப் பன்னிரண்டு பக்கம்தான். திரைக்குள் வாழும் ஒரு பெண் சாய்வு நாற்காலியில் கண் அயர்கிறாள். சாரா என்ற தோழி வந்து வெளியே அழைத்துப் போகிறாள். பட்டப்பகலில், முகத்திரை இல்லாமல், தெருவில் கூசிக் கூசி நடக்கிறாள். எதிரே வருகிற பெண்கள் அவளைப் பார்த்து, ஆம்பிளை மாதிரி இருக்கிறாளே என்று சிரிக்கிறார்கள். அந்த நாட்டில் கூச்சமும் பயமும்தான் ஆண்களின் அடையாளம். ஆண்கள் வீட்டுக்குள் இருந்து சமைக்கிறார்கள், பிள்ளை பார்க்கிறார்கள். பெண்களுக்கு இரண்டு பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. ஒன்றில் காற்றிலிருந்தும் மேகத்திலிருந்தும் நீரை இழுத்துச் சேர்க்கும் பலூனைக் கண்டுபிடிக்கிறார்கள். மற்றொன்றில் சூரிய வெப்பத்தைச் சேமிக்கும் கருவி. அடுப்பு எரிவது சூரிய வெப்பத்தில், உழவு நடப்பது மின்சாரத்தில், பயணம் வானில் பறக்கும் வண்டியில். 21 வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் இல்லை.

இதில் அறிவியல் எங்கே என்று கேட்டீர்கள். 1905இல் சூரிய அடுப்பையும் மேகத்தில் நீர் பிடிப்பதையும் ஒரு நாட்டின் பொருளாதாரத்துக்கே அடித்தளமாக வைத்து யோசித்த இந்தியக் கதை வேறு ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள். அந்த நாட்டில் மழை மிஞ்சுவதும் இல்லை, வெள்ளம் வருவதும் இல்லை. நீரை முன்கூட்டியே இறக்கிவிடுகிறார்கள். ஐப்பசி கார்த்திகையில் ஈசா ஏரி நிரம்பி, தண்ணீர் வீட்டு வாசலேறுமோ என்று ராத்திரி முழுக்க விழித்திருக்கும் ஊரில் உட்கார்ந்து இதைப் படித்தவள் நான். இதை வெற்றுக் கனவு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

அடுத்தது பழிவாங்கல். இந்தச் சொல்லை உங்களுக்கு முன்பே ஒருவர் சொல்லிவிட்டார், ரொகேயாவின் கணவர். அவர் பாகல்பூரில் துணை மாஜிஸ்திரேட். இரண்டு நாள் வெளியூர்ப் பணிக்குப் போனபோது, பொழுது போகாமல் ரொகேயா இதை எழுதினார். திரும்பி வந்தவர் கையெழுத்துத் தாள்களை வாங்கி, உட்காரக்கூட மறந்து நின்றபடியே படித்து முடித்து, பயங்கரமான பழிவாங்கல் என்றாராம். அவர் பாராட்டாகச் சொன்னார். சொல்லிவிட்டு அதை அச்சுக்குப் போக விட்டார். பெண் பிள்ளைகளின் பள்ளிக்கென்று பணமும் ஒதுக்கி வைத்தார். 1909இல் அவர் இறந்த சில மாதங்களிலேயே ஐந்து மாணவிகளோடு ரொகேயா அந்தப் பள்ளியைத் தொடங்கினார். 1911இல் கல்கத்தாவில் எட்டு மாணவிகளோடு மறுபடி தொடங்கினார். ஒரே சொல்லை இரண்டு ஆண்கள் சொல்லியிருக்கிறீர்கள். ஒருவர் கதையைப் படித்துவிட்டுச் சொன்னார்.

உண்மையில் அந்தக் கதையில் என்ன பழி நடக்கிறது? பக்கத்து நாட்டு மன்னனிடமிருந்து தப்பி வந்தவர்களுக்கு அரசி அடைக்கலம் கொடுக்கிறாள். அவன் படையெடுக்கிறான். ஆண்களின் படை தோற்றுக் காயத்தோடு திரும்பி, களைத்துப்போய் வீட்டுக்குள் போகிறது. பல்கலைக்கழகத் தலைவி 2,000 மாணவிகளோடு போய், சேமித்த சூரிய ஒளியை எதிரி மேல் திருப்புகிறாள். எதிரி வெப்பம் தாங்காமல் ஓடுகிறான். உள்ளே போன ஆண்கள் உள்ளேயே இருக்கிறார்கள். அதிகாரிகள் சிலர் வேலையைத் திரும்பக் கேட்டு விண்ணப்பம் போடுகிறார்கள். தேவைப்பட்டால் அழைக்கிறோம், அதுவரை இருக்கும் இடத்திலேயே இருங்கள் என்று பதில் வருகிறது. யாரையும் அடிக்கவில்லை, எரிக்கவில்லை, பட்டினி போடவில்லை.

ஆண்களை வீட்டுக்குள் அடைப்பது நியாயமா என்று கேட்டீர்கள். நியாயமே இல்லை. அந்தக் கேள்வியை உங்கள் வாயில் வரவழைக்கத்தான் ரொகேயா அந்தக் கதையை எழுதினார். ஐந்து வயதிலிருந்து, வீட்டுக்கு வரும் அறிமுகமில்லாத பெண்களிடமிருந்துகூட ஒளிந்து வளர்க்கப்பட்டவர் ரொகேயா. அவர் 'அவரோத்பாசினி' என்று இன்னொரு நூல் எழுதினார், 1931இல். கற்பனை கலக்காமல், தான் பார்த்ததையும் கேட்டதையும் பதிவு செய்த நூல். அதில் அவருடைய உறவுக்காரப் பெண் ஒருத்தியைப் பற்றி வருகிறது. பீகாரில் ஒரு ரயில் நிலையத்தில் வண்டி மாறும்போது புர்கா தடுக்கித் தண்டவாளத்தில் விழுந்துவிட்டாள். தூக்க ஓடி வந்த கூலிக்காரர்களை, ஆண்கள் தொடக்கூடாது என்று வேலைக்காரி தடுத்துவிட்டாள். வண்டி காத்திருந்து பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டது, அவள் மேலேயே. இப்படிப்பட்ட உலகத்தில் வளர்ந்தவர்தான், ஒரு கதைக்குள் ஆண்களைச் சமையலறையில் உட்கார வைத்தார். நீங்கள் இரண்டாவதைக் கேட்டுக் கொதித்தீர்கள். முதலாவதைப் பற்றி முக்கால் மணி நேரத்தில் ஒரு சொல் இல்லை.

நான் 23 வருடம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவள். தினமும் லேடீஸ் கம்பார்ட்மெண்ட்தான். அரை மணி நேரத்துக்கு ஆண்கள் இல்லாத ஓர் உலகம் தண்டவாளத்தின் மேல் ஓடிக்கொண்டிருக்கும். பூக் கட்டுவார்கள், அவரைக்காய் ஆய்வார்கள், சீட்டுக் கணக்குப் பார்ப்பார்கள். இடத்துக்கு அடிதடிச் சண்டையும் உண்டு. பட்டாபிராமில் ஏறுகிற ஒருத்தியும் நானும் மூன்று வருடம் முகம் கொடுத்துப் பேசியதில்லை. தேவதைகள் யாரும் அங்கே பயணம் செய்யவில்லை. ஆனால் காலை நீட்டி உட்காருவோம். முந்தானை விலகியதா என்று பார்க்க மாட்டோம். வாய்விட்டுச் சிரிப்போம். வண்டி திருநின்றவூரில் நின்று, ராத்திரி ஒன்பதரைக்குப் படியிறங்கும்போது அத்தனை பேருடைய தோளும் ஒன்றுபோல உள்ளே சுருங்கும். பையை மார்போடு அணைத்து, நாலைந்து பேராகச் சேர்ந்துதான் ஷேர் ஆட்டோவுக்கு நடப்போம். 'சுல்தானாவின் கனவி'ல் அந்தப் பெண் தெருவில் கூசி நடக்கும் இடத்தைப் படித்தபோது எனக்கு எங்கள் தோள்கள்தான் நினைவுக்கு வந்தன. அது ஆண்வெறுப்பு என்றால், படியிறங்கும்போது எங்களுக்கு வரும் பயத்துக்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

இப்போது அல்லிக்கு வருகிறேன். அல்லி ராஜ்ஜியம் என்று ஏசுகிறவர்கள் அல்லியின் கதையை முழுக்கச் சொல்வதில்லை. 'அல்லி அரசாணி மாலை' நம் ஊர்களில் பெரிய எழுத்துப் புத்தகமாக விற்றது, கூத்தாக ஆடப்பட்டது. மதுரையை ஆள்கிறாள் அல்லி. படை அவளுடையது, தீர்ப்பு அவளுடையது, திருமணம் வேண்டாம் என்ற முடிவும் அவளுடையது. அர்ச்சுனனுக்கு அவள் மேல் ஆசை. நேரில் வென்று அடைய முடியவில்லை. கண்ணனின் துணையோடு பாம்பாக மாறி அவள் படுக்கையறைக்குள் நுழைகிறான். தூங்கிக்கொண்டிருக்கிறவள் கழுத்தில் தாலி கட்டிவிடுகிறான். இதுதான் கதை, ஐயா. நடுநிசியில் அறைக்குள் புகுந்து, தூங்கும் பெண்ணுக்குத் தாலி கட்டுகிறவன் நாயகன். விழித்தெழுந்து வாளைத் தேடுகிறவள் அடங்காப்பிடாரி. அவளை அடக்கியது வெற்றி. அந்தப் பெயரைத்தான் கூட்டத்தில் வசையாகச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கினீர்கள்.

இந்தக் கதைக்கட்டு நமக்கு மட்டும் உரியதும் இல்லை. வால்டர் பெசன்ட் என்ற ஆங்கிலேயர் 1882இல் 'ஆணின் கலகம்' என்ற பொருள் தரும் தலைப்பில் ஒரு நாவல் எழுதினார். எதிர்கால இங்கிலாந்தைப் பெண்கள் ஆள்கிறார்கள். கடைசியில் ஆண்கள் எழுந்து ஆட்சியைத் திரும்பப் பிடிக்கிறார்கள். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் இதையே எழுதினார்கள். அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஜோன்னா ரஸ் இப்படிப்பட்ட கதைகளைத் தேடித் தேடிப் படித்து 1980இல் ஒரு கட்டுரை எழுதினார். பெண்கள் ஆளும் அந்த உலகங்கள் விழுவதற்கு யுத்தமோ வாதமோ தேவைப்படுவதில்லை. ஒரு ஆண் வந்து தொட்டால் போதும், ராணிக்குத் தான் வெறும் பெண் என்பது புரிந்துவிடும், ஆட்சி முடிந்துவிடும் என்பது அவர் கண்டது. அல்லி கதையை ரஸ் கேட்டிருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவர் வரைந்த படத்துக்குள் அல்லி அப்படியே உட்காருகிறாள். ஆக, பெண்ணாட்சிக் கதைகளில் வெறுப்பு இருக்கிறது என்று நீங்கள் சொன்னது உண்மைதான். அது எந்தப் பக்கத்துக் கதைகளில் அதிகம் என்றுதான் நீங்கள் பார்க்கவில்லை.

பெண்கள் எழுதியவற்றையும் பாருங்கள். ரஸ் 1972இல் எழுதிய சிறுகதையில், கொள்ளைநோயால் ஆண்கள் அழிந்து முப்பது தலைமுறை கடந்த ஒரு கோளுக்கு ஆண்கள் வந்து இறங்குகிறார்கள். அங்கிருக்கும் பெண்களைப் பார்த்து அவர்கள் கேட்கும் கேள்வி, மக்கள் எல்லாரும் எங்கே என்பது. நெபுலா விருது வாங்கிய கதை. அர்சுலா லெ குவின் 1994இல் எழுதிய 'செக்ரி' கதையில் ஆட்சியும் படிப்பும் தொழிலும் பெண்கள் கையில். ஆண்களைக் கோட்டைகளுக்குள் வைத்து, விளையாட்டு வீரர்களாகவும் சினைக்கு விடும் காளைகளாகவும் கொண்டாடுகிறார்கள், படிக்க மட்டும் விடுவதில்லை. அந்தக் கொண்டாட்டத்துக்குள் ஒரு ஆண்பிள்ளை எப்படிச் சாகிறான் என்பதை அவ்வளவு வலியோடு எழுதியிருக்கிறார் லெ குவின். பெண்ணாட்சியிலும் கொடுமை நடக்கும் என்று எங்களுக்குச் சொல்லித்தர வந்தீர்கள். அதை உங்களைவிட ஆழமாக ஒரு பெண் எழுதி வைத்து முப்பது வருடம் ஆகிறது.

நம் தமிழிலும் ஓர் அறிவியல் புனைகதை ராணி இருக்கிறாள். 1980களில் சுஜாதா எழுதிய 'என் இனிய இயந்திரா'வின் நிலா. தொடராக வந்த காலத்தில் எஸ்டேட் வண்டியில் அதைப் பங்கு போட்டுப் படித்தோம். இரண்டாம் பாகமான 'மீண்டும் ஜீனோ'வில் நிலா நாட்டுக்கு ராணி. ஆனால் அவளை முன்னால் உட்கார வைத்து, பின்னாலிருந்து ஆட்டுவிப்பவர்கள் ரவி, மனோ என்ற இரண்டு ஆண்கள். சுஜாதாவை நான் குறை சொல்லவில்லை. அவர் உள்ளதைக் கண்டு எழுதினார். தமிழ்நாட்டில் உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் வந்தது. தலைவி கையெழுத்துப் போட, தலைவியின் கணவர் முடிவெடுக்கும் அலுவலகங்களை இந்த மாவட்டத்தில் நீங்களும் பார்த்திருக்கிறீர்கள், நானும் பார்த்திருக்கிறேன். நிலாவின் சிம்மாசனம் அங்கே பிளாஸ்டிக் நாற்காலியாகிவிட்டது, அவ்வளவுதான்.

அப்படியொரு சமூகம் எங்கும் இருந்ததில்லை என்ற உங்கள் வாதத்தில் பாதி சரி. தாய்வழிச் சமூகங்கள் இருந்தன, இருக்கின்றன. அவை தாயின் ஆட்சி ஆகவில்லை. மேகாலயாவின் காசி மக்களிடம் வீடு கடைசி மகளுக்குப் போகிறது. ஆனால் ஊர்ச் சபையில் மரபுப்படி பெண்ணுக்கு இடம் இல்லை. மட்டக்களப்புத் தமிழரிடம் குடி தாய்வழியில் வருகிறது, வீடு பெண்ணுக்குச் சீதனம். கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர்கள் ஆண்கள். நம் நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் மருமக்கள் வழி இருந்தது. சொத்து மாமனிடமிருந்து சகோதரியின் மகனுக்குப் போனது. பெண் வழியாகப் போனதே தவிரப் பெண் கையில் தங்கவில்லை. அந்த முறையில் நொந்த ஒரு மனைவியின் குரலில்தான் கவிமணி 'மருமக்கள் வழி மான்மிய'த்தை எழுதினார். 1926இல் திருவிதாங்கூரில் சட்டம் போட்டு அதை முடித்தார்கள்.

இங்கேதான் உங்கள் வாதம் உங்களுக்கு எதிராகவே திரும்புகிறது. வரலாற்றில் இல்லாத ஒன்றை எழுதுவது அறிவியல் ஆகாது என்கிறீர்கள். வரலாற்றில் இருந்ததை எழுதினால் அது வரலாறு. பார்த்தறியாத நிலாப் பயணத்தை ஷூல் வெர்ன் எழுதினால் தீர்க்கதரிசனம், பார்த்தறியாத பெண்ணாட்சியை ரொகேயா எழுதினால் பகல் கனவா? எந்த அளவுகோலால் இரண்டையும் அளந்தீர்கள் என்று நீங்கள் கடைசிவரை சொல்லவில்லை.

தாயாரைப் பற்றிச் சொன்னதை நான் விட முடியாது. பக்தவத்சலப் பெருமாள் கோயிலில் மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு போன நாளிலிருந்து நான் கும்பிடும் தாயார் அவள். அவள் பெயரைக் கேடயமாகப் பிடித்தீர்கள். அவள் கதையை நினைத்துப் பாருங்கள். வைகுண்டத்தில் பிணக்குக் கொண்டு, வீட்டை விட்டு வெளியேறி, தனியாக வந்து நின்றாள் திருமகள். அதனால்தான் இது திரு நின்ற ஊர். சமுத்திரராஜன், பெற்ற தகப்பன், வந்து அழைத்தும் அவள் திரும்பவில்லை. மகளை 'என்னைப் பெற்ற தாயே' என்று அவன் அழைத்தது அப்போதுதான். கோபித்துக்கொண்டு புகுந்த வீட்டை விட்டு வந்த ஒருத்தி நின்ற இடத்தில் எழுந்த ஊர் இது. இன்று அப்படி வந்து நிற்கும் மகளிடம் இந்த ஊர்த் தகப்பன்கள் என்ன சொல்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அட்ஜஸ்ட் பண்ணிக்கொள் என்கிறார்கள்.

திருமங்கையாழ்வார் இந்த ஊர்ப் பெருமாளைப் பாடாமல் போனதையும் நீங்களே எடுத்துச் சொன்னீர்கள். தாயார் பெருமாளை அனுப்பி, ஆழ்வாரிடம் பாசுரம் கேட்டு வாங்கிவரச் சொன்னாள். பெருமாள் கடல்மல்லைவரை போய் வாங்கி வந்தார். ஒன்று போதாது என்று மறுபடி அனுப்பினாள். பாருங்கள், ஆணையிடுவது தாய், நடப்பது பெருமாள் என்றீர்கள். இந்தக் கதை எனக்கு உயிர். ஆனால் அதை ஆட்சி என்று நான் எண்ணியதில்லை. ஒரு காரியம் நடக்க வேண்டும் என்று தெரிந்தவள் அவள், போய்க் கேட்டு வாங்கியது அவர். பள்ளிக்கூடத்துக்கும் பேங்குக்கும் தாலுக்கா ஆபீசுக்கும் வீட்டு ஆம்பிளையை அனுப்பிக் காரியம் முடித்த பெண்களுக்கு அந்த அலைச்சல் புரியும். ரொகேயா கேட்டது ஒன்றே ஒன்று: அவளே போனால் என்ன?

கனவுக்கு மதிப்பில்லை என்று சொல்ல இந்த ஊர் சரியான இடமும் இல்லை, ஐயா. பெருமாள் கோயிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் இருதயாலீசுவரர் கோயில் இருக்கிறது. கையில் காசில்லாத பூசலார் மனத்துக்குள்ளேயே கல் தேடி, தச்சர் தேடி, நாள் குறித்துக் கோயில் கட்டினார். அதே நாளில் காஞ்சியில் பல்லவ மன்னன் தன் கற்கோயிலுக்குக் குடமுழுக்கு வைத்திருந்தான். சிவபெருமான் மன்னன் கனவில் வந்து, நாளைத் தள்ளி வை, அன்று நான் நின்றவூரில் அன்பன் கட்டிய கோயிலுக்குப் போகிறேன் என்றார். மன்னன் இங்கே வந்து எந்தக் கோயில் என்று தேடினான், ஊராருக்குத் தெரியவில்லை. கட்டியவரிடம் போய்க் கேட்டான். அவர் சொன்னதைக் கேட்டு அவர் காலில் விழுந்தான். படை வைத்திருந்தவன், கல்லால் கட்டியவன், கேட்டுத் தெரிந்துகொள்ள வந்தான்.

ஸ்டேஷன் பக்கத்துக் கடையில் 'சுல்தானாவின் கனவை' முப்பது பிரதி ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் அந்தக் கல்லூரிப் பெண் அதைப் பற்றிப் பேசட்டும் என்று அமைப்பாளரிடம் கேட்டிருக்கிறேன், சரி என்றிருக்கிறார். உங்களுக்கான பிரதியை இந்தக் கடிதத்தோடு சேர்த்து வைத்திருக்கிறேன். படித்துவிட்டு வாருங்கள். அவள் பேசும்போது நீங்களும் முன்வரிசையில் இருக்க வேண்டும்.